கவனமும் கற்றலும்: மழலையர் திரையின் அரை நூற்றாண்டு

பள்ளியில் சேர்வதற்கு முந்திய பருவத்தில் ஒரு குழந்தையின் மொழி வளர்வதற்குத் திரைக்காட்சிகள் துணைபுரியுமா என்னும் கேள்வி கைப்பேசியோடு பிறந்த ஒன்றன்று. அமெரிக்காவில் 1960களின் நடுப்பகுதியிலேயே அது அரசின் கொள்கைச் சிக்கலாகவும், அறக்கட்டளைகள் பெரும்பணம் ஒதுக்கிய திட்டமாகவும், உளவியல் அறிஞர்களின் ஆய்வுப்பொருளாகவும் உருவெடுத்திருந்தது. அன்று முதல் இன்று வரை மழலையர் திரையின் வரலாறு இரண்டு அளவுகோல்களுக்கு இடையே நடந்துவந்திருக்கிறது. குழந்தை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்று கணக்கிடும் கவனத்தின் அளவுகோல் ஒன்று. பார்த்ததிலிருந்து குழந்தை எதைப் பெற்றது என்று சோதித்தறியும் கற்றலின் அளவுகோல் மற்றொன்று. தொடக்ககால ஆக்குநர்கள் முதலாவதை இரண்டாவதற்குப் பணிசெய்யும் கருவியாகக் கொண்டனர். பிற்காலத்தில் அவ்விரண்டும் பிரிந்து, கவனமே விற்பனைக்குரிய சரக்காக மாறியபோது, ஆங்கிலம் கற்பிக்கும் என்னும் வாக்குறுதி மட்டும் எஞ்சியது. அதை மெய்ப்பிக்கும் கடமை கைவிடப்பட்டது.

தாயோடு கேட்டலும் தாயோடு பார்த்தலும்

மழலையருக்கென ஒலிபரப்பு நேரம் ஒதுக்கும் வழக்கம் தொலைக்காட்சிக்கு முன்னரே வானொலியில் வேரூன்றியிருந்தது. பிபிசி வானொலி 1950இல் தொடங்கிய 'லிசன் வித் மதர்' என்னும் நிகழ்ச்சியில் சிறு கதைகளும் குழந்தைப் பாடல்களும் இடம்பெற்றன. அதன் தொலைக்காட்சி வடிவமாகிய 'வாட்ச் வித் மதர்' 1953 முதல் அப்பெயரில் வந்தது. குழந்தை தனியே அன்றித் தாயின் அருகில் அமர்ந்தே கேட்கும், பார்க்கும் என்பதைத் தலைப்பிலேயே அறிவித்த இந்நிகழ்ச்சிகள், பேச்சின் பெரும்பகுதியை வீட்டிலுள்ளவரிடமே விட்டுவைத்தன. ஏறத்தாழ அதே காலத்தில், 1952இல், அமெரிக்காவின் சிகாகோ நகரிலிருந்து என்பிசி நிறுவனம் ஒளிபரப்பிய 'டிங் டாங் ஸ்கூல்' நிகழ்ச்சியில் பிரான்சிஸ் ஹார்விச் என்னும் கல்வியாளர் திரையினூடே குழந்தைகளிடம் நேரடியாகப் பேசினார். ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்கு இடம்விட்டு, பிறகு தொடர்வது அவரது முறையாக இருந்தது.

இம்முயற்சிகள் நற்கருத்தில் பிறந்தவை எனினும், அவற்றால் குழந்தைகள் எதைக் கற்றனர் என்று முறையாகச் சோதிக்கும் ஏற்பாடு எதுவும் அப்போது இல்லை. வணிகத் தொலைக்காட்சியோ குழந்தைகளைப் பொம்மைகளும் காலைச் சிற்றுணவும் வாங்கவைக்கும் கூட்டமாகவே கருதிற்று. ஆயினும் அந்த வணிகத் தொலைக்காட்சியே ஓர் உண்மையைத் தற்செயலாக வெளிப்படுத்தியது. எழுத்து அறியாத மூன்று வயதுக் குழந்தைகள், யாரும் கற்பிக்காமலே, விளம்பரப் பாட்டுகளை ஒரு சொல் பிறழாமல் பாடினர். பின்னாளில் நிகழ்ந்த பெருமுயற்சி ஒன்றுக்கு இந்த எளிய உண்மையே அடித்தளமாயிற்று.

வறுமை ஒழிப்பும் ஒரு தொலைக்காட்சித் திட்டமும்

1965இல் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சனின் அரசு வறுமை ஒழிப்புத் திட்டத்தின் ஒரு பகுதியாக 'ஹெட் ஸ்டார்ட்' என்னும் முன்பருவக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. ஏழைக் குடும்பத்துக் குழந்தைகள் முதல் வகுப்பில் நுழையும்போதே எழுத்தறிவிலும் சொல்வளத்திலும் பின்தங்கியிருந்தனர் என்பதும், அந்த இடைவெளி பள்ளியில் ஆண்டுதோறும் விரிந்தது என்பதும் அக்காலக் கல்வி ஆய்வுகள் வலியுறுத்திய செய்திகள். ஆனால், நாடெங்கும் உள்ள சிறு குழந்தைகள் அனைவருக்கும் வகுப்பறையும் ஆசிரியரும் அமைத்துத் தருவது உடனடியாக இயலாத காரியமாக இருந்தது. அதே வேளையில் மிக ஏழை வீடுகளிலும்கூடத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது.

இவ்விரு உண்மைகளையும் இணைத்துப் பார்த்தவர்கள், நியூயார்க்கின் கல்வித் தொலைக்காட்சி நிலையமொன்றில் ஆவணப்பட ஆக்குநராக இருந்த ஜோன் கான்ஸ் கூனி என்பவரும், கார்னகி அறக்கட்டளையின் அலுவலரும் உளவியலாளருமான லாய்டு மோரிசெட் என்பவரும் ஆவர். 1966இன் தொடக்கத்தில் கூனியின் வீட்டு விருந்தொன்றில் எழுந்த உரையாடலின் விளைவாக, முன்பருவக் கல்வியில் தொலைக்காட்சியை எவ்வாறு பயன்படுத்தலாம் என்று ஆராய்ந்து அறிக்கை தரும் பொறுப்பு கூனியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1968இல் 'சில்ட்ரன்ஸ் டெலிவிஷன் ஒர்க்ஷாப்' என்னும் இலாப நோக்கற்ற நிறுவனம் அறிவிக்கப்பட்டது. அதற்குத் தேவையான சுமார் 80 இலட்சம் டாலரில் ஏறத்தாழப் பாதியை மைய அரசும், எஞ்சியதைக் கார்னகி, ஃபோர்டு முதலிய அறக்கட்டளைகளும் அளித்தன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் ஜெரால்டு லெஸ்ஸர் தலைமையில், அவ்வாண்டுக் கோடையில் ஆசிரியர், உளவியலாளர், திரைக்கலைஞர், நூலாசிரியர் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்த கருத்தரங்குகள் நடைபெற்றன. குழந்தை அறியவேண்டிய எழுத்துகள், எண்கள், சொற்கள், சிந்தனைத் திறன்கள் ஆகியவை அங்கே பட்டியலாக வரையறுக்கப்பட்டன. ஒரு பாடத்திட்டம் முதலில் எழுதப்பட்டு, அதற்குப் பின் நிகழ்ச்சி எழுதப்பட்ட இந்த வரிசைமுறை தொலைக்காட்சிக்குப் புதியது.

அந்நிகழ்ச்சியே 1969 நவம்பர் 10 அன்று ஒளிபரப்பாகத் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்'. நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாக முதல் பருவத்தில் 130 பகுதிகள் வெளிவந்தன. விளம்பரப் பாட்டின் வலிமையை எழுத்தறிவுக்குத் திருப்பிவிடும் எண்ணம் அதன் அமைப்பிலேயே வெளிப்பட்டது. ஓர் எழுத்தை அறிமுகப்படுத்தும் பகுதி, ஒரு பொருளை விற்கும் விளம்பரம் போலவே குறுகியதாகவும் இசையோடு கூடியதாகவும் பலமுறை திரும்ப வருவதாகவும் அமைக்கப்பட்டது. வணிக நிறுவனங்களுக்குப் பதிலாக எழுத்துகளும் எண்களுமே அன்றைய நிகழ்ச்சியின் புரவலர்கள் என்று அறிவிக்கப்பட்டன. நகரத்துத் தெருவொன்றில் கறுப்பின, வெள்ளையின மக்கள் அண்டை வீட்டாராக வாழ்வதைக் காட்டியதால் மிசிசிப்பி மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி ஆணையம் 1970இல் அதை ஒளிபரப்ப மறுத்ததும், மக்கள் எதிர்ப்புக்குப் பின் சில வாரங்களிலேயே அம்முடிவைக் கைவிட்டதும், இத்திட்டம் கல்வி முயற்சி மட்டுமாக நின்றுவிடவில்லை என்பதை உணர்த்தின.

சோதனைக்கு உட்பட்ட திரை

சில்ட்ரன்ஸ் டெலிவிஷன் ஒர்க்ஷாப்பின் நிலையான பங்களிப்பு அதன் பொம்மைகளிலும் பாடல்களிலும் மட்டும் அடங்கிவிடுவதன்று. ஒளிபரப்பாகும் முன்பே பகுதிகளைக் குழந்தைகளிடம் காட்டிப் பார்த்துத் திருத்திய ஆய்வுமுறையிலும் அது இருக்கிறது. ஒரு நிகழ்ச்சி உருவாகிக்கொண்டிருக்கும்போதே அதைச் செம்மைப்படுத்துவதற்காக நடத்தப்படும் இத்தகைய ஆய்வை உருவாக்கநிலை ஆய்வு என்பர். ஆய்வுப் பிரிவின் தலைவராயிருந்த எட்வர்டு பால்மர் இதற்கென ஓர் எளிய கருவியை வகுத்தார். ஒரு குழந்தையைத் தொலைக்காட்சியின் முன் அமர்த்தி, அதன் அருகிலேயே மற்றொரு சிறு திரையில் ஏழரை வினாடிக்கு ஒன்றாக வண்ணப் படங்கள் மாறிக்கொண்டிருக்குமாறு செய்வர். குழந்தையின் கண்கள் எப்போது தொலைக்காட்சியை விட்டுப் படங்களின் பக்கம் செல்கின்றன என்று ஆய்வாளர் தொடர்ந்து குறித்துக்கொள்வார். கவனக்கலைப்பு முறை எனப்பட்ட இதன் வழியே, நிகழ்ச்சியின் எந்தக் கட்டத்தில் குழந்தை விலகுகிறது என்பது வரைபடமாகக் கிடைத்தது.

1969 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவில் சோதனைப் பகுதிகள் காட்டப்பட்டபோது இம்முறையின் பயன் தெளிவாயிற்று. உண்மை மனிதரையும் கற்பனைப் பாத்திரங்களையும் ஒரே காட்சியில் கலந்தால் குழந்தை குழம்பும் என்ற வல்லுநர் அறிவுரைப்படி, தெருக்காட்சிகளில் மனிதர் மட்டுமே தோன்றினர். பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சனின் பொம்மைகள் தனிக்காட்சிகளில் வந்தன. பொம்மைகள் வந்தபோதெல்லாம் திரையில் நிலைத்த குழந்தைகளின் கண்கள், தெருக்காட்சி தொடங்கியதும் வேறுபக்கம் திரும்பின. ஆக்குநர்கள் அறிவுரையைவிடக் குழந்தையின் சான்றையே ஏற்று, தெருவிலேயே நடமாடும் பெரிய மஞ்சள் பறவையையும் குப்பைத் தொட்டியில் வாழும் ஆஸ்கரையும் படைத்தனர். அந்நிகழ்ச்சியின் முகமாகவே ஆகிவிட்ட பாத்திரங்கள் ஒரு சோதனைத் தோல்வியிலிருந்து பிறந்தவை என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

எனினும் கவனம் கிடைத்ததோடு ஆய்வாளர்கள் நிறைவடையவில்லை. நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் ஆங்கில நெடுங்கணக்கைச் சொல்லும் ஒரு சிறு பகுதி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவர் கேமராவை நேராக நோக்கி மிக மெதுவாக, எழுத்துக்கு எழுத்து நீண்ட இடைவெளி விட்டுச் சொன்னார். ஒவ்வோர் எழுத்தும் அவர் அதைச் சொல்வதற்குச் சற்று முன்னரே திரையில் தோன்றியது. முதன்முறை பார்த்த குழந்தைகள் அவர் சொன்னபின் எழுத்தைத் திருப்பிச் சொன்னார்கள். சில முறை பார்த்தபின், எழுத்து திரையில் தோன்றியதும் அவரை முந்திக்கொண்டு அதன் பெயரைச் சொன்னார்கள். மேலும் பலமுறை பார்த்தபின், எழுத்து தோன்றுவதற்கு முன்னரே அடுத்து வருவது எது என்று அறிவித்தார்கள். பின்தொடர்தல், உடன்செல்லல், முந்துதல் என்னும் இம்மூன்று படிகளையும் கண்ட ஆய்வாளர்கள், திரும்பத் திரும்ப வருதலும் இடையில் விடப்படும் மௌனமும் சேரும்போதுதான் பார்வை கற்றலாக மாறுகிறது என்று உணர்ந்தனர்.

மதிப்பீடும் மறுமதிப்பீடும்

நிகழ்ச்சியின் முதல் பருவத்தின் விளைவை அளக்கும் பொறுப்பு, தேர்வுகளை நடத்துவதில் பெயர்பெற்ற 'எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ்' என்னும் வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சாமுவேல் பால், ஜெரி ஆன் போகாட்ஸ் ஆகிய இருவரும் பாஸ்டன், டர்ஹம், பீனிக்ஸ் உள்ளிட்ட ஐந்து பகுதிகளில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் சோதித்து 1970இல் அறிக்கை வெளியிட்டனர். அதிகம் பார்த்த குழந்தைகள் அதிகம் கற்றிருந்தனர். நிகழ்ச்சி மிகுதியாக வலியுறுத்திய எழுத்து, எண் ஆகியவற்றில் முன்னேற்றம் மிகுதியாக இருந்தது. மூன்று வயதினர் ஐந்து வயதினரைக் காட்டிலும் கூடுதலாக வளர்ந்திருந்தனர். வீட்டில் ஸ்பானிய மொழி பேசும் குழந்தைகள் சிறு எண்ணிக்கையினராக இருந்தபோதிலும், அவர்களுள் தொடர்ந்து பார்த்தவர்களின் முன்னேற்றம் ஆய்வாளர்களை வியக்கவைத்தது. இத்தனைக்கும் நடுவே அவ்வறிக்கை மற்றோர் உண்மையையும் பதிவுசெய்தது: மிகுதியாகக் கற்ற குழந்தைகளின் தாய்மார்கள் பலர், பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்து, பார்த்ததைப் பற்றி அவர்களிடம் பேசியும் வந்தனர்.

தாமஸ் குக் என்னும் சமூக உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1975இல் வெளியிட்ட மறுஆய்வு இந்த உண்மையை மையத்துக்குக் கொண்டுவந்தது. முதல் ஆய்வில் பங்கேற்ற பல குடும்பங்களை ஆய்வுப் பணியாளர்கள் அடிக்கடி சந்தித்து நிகழ்ச்சியைப் பார்க்குமாறு ஊக்கப்படுத்தியிருந்தனர். அத்தகைய ஊக்கம் இல்லாத குடும்பங்களில் வெறும் பார்வையால் விளைந்த பயன் குறைவாகவே இருந்தது என்று குக் காட்டினார். வசதியான வீட்டுக் குழந்தைகளும் அதே நிகழ்ச்சியைப் பார்ப்பதால் இருசாராருக்கும் இடையிலுள்ள இடைவெளி தானாகச் சுருங்கிவிடாது என்றும் அவர் எச்சரித்தார். இக்கண்டனம் கசப்பாயினும், ஒரு பொதுத்திட்டத்தின் தரவுகள் பிறரது மறுஆய்வுக்குத் திறந்துவைக்கப்பட்டிருந்தமையால்தான் அது இயன்றது.

பிந்திய ஆய்வுகள் நிகழ்ச்சியின் பக்கம் நின்ற சான்றுகளையும் வலுப்படுத்தின. 1970களில் குழந்தைகள் திரையின் முன் மயங்கிக் கிடக்கிறார்கள் என்ற அச்சம் பரவியிருந்தபோது, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டேனியல் ஆண்டர்சனும் எலிசபெத் லார்ச்சும் ஐந்து வயதுக் குழந்தைகளின் ஒரு குழுவுக்கு அறையில் விளையாட்டுப் பொருள்களை வைத்தும், மற்றொரு குழுவுக்கு வைக்காமலும் நிகழ்ச்சியைக் காட்டினர். பொம்மைகளோடு இருந்தவர்கள் பாதிக்கும் குறைவான நேரமே திரையைப் பார்த்தும், பெரும்பகுதியைப் பார்த்தவர்கள் அளவுக்கே கதையைப் புரிந்துகொண்டிருந்தனர். இன்னொரு சோதனையில், பேச்சைத் தலைகீழாக ஓடவிட்டும், குழந்தைகள் அறியாத கிரேக்க மொழியில் அமைத்தும் காட்டியபோது அவர்களின் கவனம் சரிந்தது. படத்தின் அசைவும் வண்ணமும் அப்படியே இருந்தும் பேச்சு புரியாதபோது குழந்தை விலகியது என்பதால், இவ்வயதில் கவனம் புரிதலைப் பின்தொடர்கிறது என்னும் முடிவு கிடைத்தது.

கான்சஸ் பல்கலைக்கழகத்தின் மேபல் ரைஸ், தரமான மழலையர் நிகழ்ச்சிகளின் உரையாடல், தாய் குழந்தையிடம் பேசும் பேச்சோடு நெருங்கிய ஒற்றுமை உடையது என்று கண்டறிந்தார். குறுகிய வாக்கியங்கள், முக்கியச் சொல்லை மீண்டும் மீண்டும் சொல்லுதல், கண்ணெதிரே உள்ள பொருளைப் பற்றியே பேசுதல் ஆகியவை இரண்டிலும் இருந்தன. ரைஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வு, மூன்று வயதையொட்டி 'செசமி ஸ்ட்ரீட்' பார்த்த குழந்தைகளின் ஆங்கிலச் சொல்வளம் ஐந்து வயதில் கூடுதலாக இருந்ததையும், மற்ற வகை நிகழ்ச்சிகளுக்கு அத்தகைய தொடர்பு காணப்படாததையும் காட்டியது. பெற்றோரின் கல்வியைக் கணக்கில் கொண்ட பின்னும் அத்தொடர்பு நீடித்தது. இதற்குப் பல்லாண்டுகள் கழித்து, மெலிசா கியர்னி, பிலிப் லெவின் என்னும் பொருளியலாளர்கள், 1969இல் ஒளிபரப்பு தெளிவாகக் கிடைத்த மாவட்டங்களையும் அலைவரிசைக் குறைபாட்டால் கிடைக்காத மாவட்டங்களையும் ஒப்பிட்டு, தெளிவாகக் கிடைத்த இடத்துக் குழந்தைகள் வயதுக்குரிய வகுப்பில் இருக்கும் வாய்ப்பு கூடுதலாயிருந்தது என்று நிறுவினர்.

பதிலுக்குக் காத்திருந்த நிகழ்ச்சி

1990களில் கேபிள் தொலைக்காட்சி பெருகியபோது, இந்த ஆய்வு மரபின் நேரடி வாரிசாக 'புளூஸ் க்ளூஸ்' தோன்றியது. 1996 செப்டம்பரில் நிக்கலோடியன் தொடங்கிய இந்நிகழ்ச்சியை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஏஞ்சலா சாண்டமேரோ குழந்தை உளவியல் பயின்றவர். மேலே கூறிய ஆண்டர்சன் அதன் ஆலோசகராக இருந்தார். 'செசமி ஸ்ட்ரீட்' பல சிறு துண்டுகளின் தொகுப்பாக இருந்ததற்கு மாறாக, இது அரை மணி நேரமும் ஒரே கதையை மெதுவாகச் சொன்னது. நடத்துநர் ஒரு கேள்வியைக் கேட்டு, கேமராவை நோக்கியபடி, குழந்தை யோசித்துப் பதில் சொல்லப் போதுமான நேரம் மௌனமாகக் காத்திருந்தார். ஒரே பகுதி திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் ஒளிபரப்பானது. பெரியவர்களுக்குச் சலிப்பூட்டக்கூடிய இந்த ஏற்பாடு குழந்தைகளிடம் நேர்மாறான விளைவைத் தந்தது: நாள் செல்லச் செல்லப் புரிதல் உயர்ந்தது, திரையை நோக்கி உரக்கப் பதில் சொல்வதும் மிகுந்தது, கவனம் குறையவில்லை.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கொண்ட குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளும் இக்காலத்திலேயே வளர்ந்தன. யூகோ உச்சிகோஷி 2005இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டில் ஸ்பானிய மொழி பேசிய மழலையர் வகுப்பினர் கதைத்தொடராகிய 'ஆர்தர்' நிகழ்ச்சியைப் பள்ளியில் தொடர்ந்து பார்த்தபோது, ஆங்கிலத்தில் ஒரு கதையைக் கோவையாகச் சொல்லும் திறனில் விரைந்து முன்னேறினர். முதல், நடு, முடிவு உடைய கதைகளைப் பார்த்த குழந்தை கதை சொல்லக் கற்கிறது என்னும் இம்முடிவு, திரை எதைக் கொடுக்கிறதோ அதையே குழந்தை பெறுகிறது என்பதைத் தெளிவுபடுத்துகிறது.

தொட்டிலுக்கு வந்த வணிகம்

இதுவரை கூறிய வெற்றிகள் யாவும் ஏறத்தாழ மூன்று வயது முதலான குழந்தைகளைச் சார்ந்தவை. அவற்றின் நற்பெயரைக் கொண்டு இரண்டு வயதுக்கும் குறைந்த கைக்குழந்தைகளை நோக்கி ஒரு புதிய சந்தை எழுந்தது. பிபிசி 1997இல் தொடங்கிய 'டெலிடப்பீஸ்' ஒரு வயதுக் குழந்தையையும் பார்வையாளராகக் கொண்டது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் ஜூலி ஐக்னர்-கிளார்க் என்னும் முன்னாள் ஆசிரியை தொடங்கிய 'பேபி ஐன்ஸ்டீன்' ஒளிநாடாக்கள், பொம்மைகளின் காட்சியும் இசையும் பல மொழிச் சொற்களும் கலந்தவையாக இலட்சக்கணக்கில் விற்றன. 2001இல் டிஸ்னி அந்நிறுவனத்தை வாங்கிற்று. பால்மரின் சோதனை அறையைப் போன்ற ஓர் இடம் இப்பண்டங்களின் உருவாக்கத்தில் இருக்கவில்லை. மழலையைப் பேரறிஞராக்கும் என்னும் எதிர்பார்ப்பைப் பெயரே விதைத்தது.

சான்று வேறு திசையில் சென்றது. 2003இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரிசியா கூல், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீனத்தின் மாண்டரின் மொழியைப் பன்னிரண்டு அமர்வுகளில் கேட்கச் செய்தார். எதிரே அமர்ந்து விளையாடிப் பேசிய மனிதரிடம் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாடுகளை இனங்கண்டனர்; அதே மனிதரை அதே சொற்களோடு திரையில் கண்டவர்களும், ஒலிப்பதிவாக மட்டும் கேட்டவர்களும் எதையும் கற்கவில்லை. கைக்குழந்தை நேரில் கற்பதைவிடத் திரையிலிருந்து மிகக் குறைவாகவே கற்கும் இந்நிலையை ஆய்வாளர் காணொளிக் குறைபாடு என்று அழைத்தனர். டெபோரா லைன்பார்கரும் டேல் வாக்கரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, ஆறு மாதம் முதல் முப்பது மாதம் வரை குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, கதையும் கேள்வியும் உடைய 'புளூஸ் க்ளூஸ்', 'டோரா' போன்றவை சொல்வளத்தோடு நல்ல தொடர்பு உடையவை என்றும், 'டெலிடப்பீஸ்' எதிர்த்தொடர்பு உடையது என்றும் கண்டது. பேச்சு வெளிப்பாட்டைப் பொறுத்தவரை 'செசமி ஸ்ட்ரீட்' கூட இவ்வயதினருக்கு உதவவில்லை; நான்கு வயதுக்கென வடிக்கப்பட்ட நிகழ்ச்சி ஒன்றரை வயதுக்கு உரியதாகாது என்பதே அதன் பொருள்.

ஃபிரெடரிக் சிம்மர்மேனும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, எட்டு முதல் பதினாறு மாதக் குழந்தைகளிடம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரக் கைக்குழந்தைக் காணொளிக்கு ஆறு முதல் எட்டுச் சொற்கள் குறைவு என்று மதிப்பிட்டுப் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. அதே தரவைப் பின்னர் மறுஆய்வு செய்தவர்கள் அத்தொடர்பு அவ்வளவு உறுதியானதன்று என்றனர். தீங்கைப் பற்றி இவ்வாறு கருத்து வேறுபாடு நிலவினும், நன்மை இல்லை என்பதில் ஐயம் இல்லை. 2010இல் ஜூடி டிலோச்சும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட சோதனையில், ஒரு மாதம் காணொளியைத் தொடர்ந்து பார்த்த ஒன்று, ஒன்றரை வயதுக் குழந்தைகள், அதை ஒருபோதும் பாராதவர்களைவிட அதிகச் சொற்களைக் கற்றிருக்கவில்லை. காணொளி இன்றி அதே சொற்களை அன்றாட வேலைகளுக்கிடையே பெற்றோர் சொல்லிக்கொடுத்த குழந்தைகளே மிகுதியாகக் கற்றனர். காணொளியை விரும்பிய பெற்றோர், தம் குழந்தை அதிலிருந்து பெரிதும் கற்றதாக நம்பினர் என்பது அவ்வாய்வின் கூர்மையான கண்டுபிடிப்பு. நுகர்வோர் அமைப்புகளின் நெருக்கடிக்குப் பின் 2009இல் டிஸ்னி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.

யூடியூபும் சென்னையும்

2005இல் யூடியூப் தோன்றியபோது, நிகழ்ச்சியை ஆக்குவோருக்கும் குழந்தைக்கும் இடையே இருந்த நிலையங்கள், ஆலோசகர்கள், ஒளிபரப்பு நேரங்கள் ஆகியவை மறைந்தன. கலிபோர்னியாவில் ஒரு குடும்பத்தின் முயற்சியாகத் தொடங்கிப் பின்னர் 'கோகோமெலன்' எனப் பெயர்பெற்ற அலைவரிசையும், சென்னையில் 2013இல் வினோத் சந்தரும் நண்பர்களும் தொடங்கிய 'சூச்சூ டிவி'யும் உலகின் மிகப் பெரிய மழலையர் அலைவரிசைகளின் வரிசையில் இடம்பெற்றன. சென்னையில் வரைந்து அசைவூட்டப்பட்ட ஆங்கிலக் குழந்தைப் பாடல்கள், அமெரிக்கா முதல் பிலிப்பைன்ஸ் வரை பல நூறு கோடி முறை பார்க்கப்பட்டன. பழைய பாடல்களின் துன்ப முடிவுகளை நம்பிக்கை தருவனவாக மாற்றியமைத்ததும், வெவ்வேறு நிறத்துக் குழந்தைகளைப் பாத்திரங்களாக்கியதும் அவற்றின் சிறப்பு. ஒரு தமிழ்நாட்டு நிறுவனம் உலகக் குழந்தைகளுக்கு ஆங்கிலப் பாட்டைக் கொண்டுசேர்த்தது வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்வே.

ஆனால் இம்மேடையின் அளவுகோல் ஒன்றே ஒன்றாக இருந்தது. எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்பதைக் கணினி வினாடிக் கணக்கில் பதிவுசெய்தது. குழந்தை கற்றதா என்பதைக் கேட்க அதனிடம் வழி இல்லை. பால்மரின் கருவி செய்த வேலையைக் கோடிக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் செய்யும் ஆற்றல் கிடைத்தது. கற்றலைச் சோதிப்பதாகிய அவரது அடுத்த வேலையைச் செய்வதற்கு யாருக்கும் கடமை இருக்கவில்லை. ஒரு காணொளி முடியுமுன் அடுத்தது தானாகத் தொடங்கும் அமைப்பில், ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் விட்ட இடைவெளிக்கோ 'புளூஸ் க்ளூஸ்' காத்த மௌனத்துக்கோ இடம் இல்லை. 2019இல் அமெரிக்க வணிக ஆணையம் சிறுவர்களின் தகவல்களைத் திரட்டியதற்காக யூடியூப் நிறுவனத்திடம் 17 கோடி டாலர் தண்டம் பெற்ற வழக்கும் தனியுரிமையையும் விளம்பரத்தையும் பற்றியதேயன்றிக் கல்வியைப் பற்றியதன்று.

மருத்துவர்களின் வழிகாட்டுதல் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப முயன்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1999இல் இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்குத் தொலைக்காட்சி வேண்டாம் என்றது. 2016இல் அதைத் திருத்தி, ஒன்றரை வயது வரை உறவினரோடு பேசும் காணொளி அழைப்பைத் தவிர மற்றவற்றை விலக்கவும், இரண்டு முதல் ஐந்து வயது வரை தரமானவற்றை நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் பெரியவரோடு சேர்ந்து பார்க்கவும் அறிவுறுத்தியது. காணொளி அழைப்புக்கு அளிக்கப்பட்ட விலக்கு தற்செயலானதன்று: திரையில் தோன்றுபவர் குழந்தைக்கு உடனுக்குடன் மறுமொழி தரும்போது இரண்டு வயதுக் குழந்தையும் புதிய சொல்லைக் கற்கிறது என்பதைச் சாரா ரோஸ்பெர்ரி முதலியோர் 2014இல் காட்டியிருந்தனர்.

இந்த வரலாறு தமிழ்நாட்டு வீடுகளுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. எல்.கே.ஜி. வகுப்பிலேயே ஆங்கிலவழிக் கல்வி தொடங்கும் சூழலில், ஆங்கிலம் பேசிப் பழகாத பெற்றோர் பலர், தம்மால் தர இயலாததைக் கைப்பேசி தரும் என்று எண்ணி அதைக் குழந்தையின் கையில் ஒப்படைக்கின்றனர். அவர்களது கவலை நியாயமானது. ஆனால் தம்மைப் பற்றிய அவர்களது மதிப்பீடு தவறானது. மேலே கண்ட சான்றுகள் பல, குழந்தையின் அருகில் அமர்ந்து, பார்த்ததைப் பற்றிக் கேட்டு, அதன் பதிலுக்குக் காத்திருந்து, சொன்னதைத் திருத்தி விரித்துப் பேசுபவரே கற்றலுக்குப் பெரிதும் துணைபுரிகிறார் என்று காட்டுகின்றன. அந்தப் பேச்சு தமிழில் நடப்பதற்குத் தடை ஏதும் இல்லை. பாட்டில் வந்த பழத்தின் ஆங்கிலப் பெயரைக் குழந்தை சொன்னதும், அது என்ன நிறம், நம் வீட்டில் யார் அதைச் சாப்பிடுவார்கள், நேற்றுச் சந்தையில் அதைப் பார்த்தோமா என்று பாட்டி தமிழில் கேட்கும்போது, அந்த ஆங்கிலச் சொல் பொருளோடு மனத்தில் பதிகிறது.

தயாரிப்பாளர்களுக்கும் அரசுக்கும் இவ்வரலாறு ஒரு கடமையைச் சுட்டுகிறது. குழந்தைக்கு மொழி கற்பிக்கும் என்று சொல்லி ஒரு காணொளியை வெளியிடுபவர், அதை வெளியிடுமுன் சில குழந்தைகளிடமாவது காட்டி, அவர்கள் கற்றார்களா என்று சோதித்து, கற்காத இடத்தைத் திருத்தவேண்டும். 1969இல் மிக எளிய கருவிகளைக் கொண்டு அது செய்யப்பட்டது. இன்று அதற்கான கருவிகள் பன்மடங்கு மலிந்துள்ளன. தமிழ் பேசும் மூன்று வயதுக் குழந்தை ஆங்கிலத்தை எவ்வாறு பெறுகிறது, எத்தகைய காட்சி அதற்கு உதவுகிறது, எது வீணாகிறது என்பதை நம் பல்கலைக்கழகங்களின் மொழியியல், உளவியல் துறைகளும் சென்னையின் அசைவூட்டக் கலைஞர்களும் ஒரே மேசையில் அமர்ந்து ஆராய்வது இயலாத காரியமன்று. உலகம் பார்க்கும் பாடல்களை ஆக்கும் திறன் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. அப்பாடல்கள் குழந்தைக்கு என்ன தந்தன என்று கேட்டறியும் பழக்கத்தை அத்திறனோடு சேர்ப்பதே இனிச் செய்யவேண்டிய பணி.